அரை நிமிடப் பாட்டு

முதல் அடியிலேயே ஜெபினின் உதடு கிழிந்துவிட்டது. இரண்டாவது அடியில் அவன் பியானோ மேலேயே போய் விழ, கட்டைகள் எல்லாம் ஒன்றாக அலறின.

"ஏலே, எம்புட்டு நாளா நடக்கு இது?" ஜெயபாண்டி அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்கு மேலே மாடியறை. ஜெபினின் பாட்டுக்குழு பழகுகிற இடம் அது. சர்ச்சிலிருந்து வாங்கி வந்த அந்தப் பழைய பியானோவை வைத்தே புது ஆல்பம் முழுவதையும் செய்து, நேற்றுதான் வெளியிட்டிருந்தார்கள். எழுதிப் பாடியவள் ஜெயபாண்டியின் தங்கை ஈஸ்வரி. அவள் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து, ஆறு மாதமாக அவளோடு ஜெயபாண்டிக்குப் பேச்சில்லை.

இன்று காலை ராஜபாளையத்து டீக்கடையில் எவனோ செல்போனில் அரை நிமிடம் ஓடவிட்டான். 'ஆற்று வெள்ளத்தில் தோளில் ஏற்றிக் கரை சேர்த்தாய், இன்று ஏன் முகம் திருப்பிக்கொண்டாய்' என்று ஈஸ்வரியின் குரல் விம்மியது. கடையே ஜெயபாண்டியைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு மேலும் நின்று கேட்க அவன் என்ன கல்லா? இரும்புக் கம்பியோடு வண்டியை எடுத்துவிட்டான்.

"அண்ணே, பாட்ட முழுசாக் கேளுங்கண்ணே. பொறவு என்னக் கொன்னாலும் கொல்லுங்க."

"முழுசா வேற கேக்கணுமோ? ஆத்துல தூக்கிட்டுப் போயி ஆசை காட்டிட்டு, இப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டியோ?"

எட்டி உதைத்தான். உதைத்த வேகத்தில் அவனுடைய வலது முழங்கால்தான் சுளீரென்றது. சின்ன வயதில் பாறையில் மோதி உடைந்த கால். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அவனைத் திருப்பி அனுப்பியதும் அந்தக் கால்தான். அந்தக் கோபத்தையும் ஜெபின் மேலேயே காட்டினான்.

"சத்தியமா அது நான் இல்லண்ணே!"

"பொறவு எவன்லே?"

ஜெபின் சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் கம்பி அவன் வலது கையில் இறங்கிவிட்டது. எலும்பு முறிந்த சத்தம் ஜெயபாண்டிக்கே கேட்டது. அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. பியானோவை வெறி தீர அடித்தான். வெள்ளைக் கட்டைகள் பல் உதிர்வதுபோல் தரையெங்கும் சிதறின.

அண்ணன் கம்பியோடு கிளம்பியதைக் கேள்விப்பட்டு பஸ் பிடித்து ஓடிவந்த ஈஸ்வரி, வாசலிலேயே உறைந்து நின்றாள். தொங்கிய கையை மடியில் ஏந்திக்கொண்டு ஜெபின் முனகிக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, இவன் இல்லன்னா ஒன்ன ஆத்துல தூக்கினவன் எவன்? பேரச் சொல்லு. அவன் கால ஒடச்சாத்தான் எனக்கு ஆறும்!"

ஈஸ்வரி அவனுடைய வலது முழங்காலைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அண்ணனிடம் பேசினாள்.

"அது அன்னைக்கே ஒடஞ்சிருச்சுண்ணே, அய்யனார்கோவில் ஆத்துல என்னத் தூக்கிட்டு வரையில."