செவலையின் ரத்தம்

ஒரு பால் பண்ணையில் செவலை, மயிலை என்று இரண்டு பசுக்கள் அருகருகே நின்றன. கன்று ஈன்றதிலிருந்து இரண்டுக்கும் வைக்கோல் குறைந்தது. பால் கூடவேண்டுமென்று மாவுத் தீவனமே தொட்டி நிறைய விழுந்தது. மாட்டு மருத்துவர் வந்து இரண்டிடமும் சோதனைக்கு ரத்தம் எடுத்துப் போனார்.

மறுபடி வந்தவர் பண்ணைக்காரரிடம், "செவலைக்குச் சீக்கிரமே வயிறு கெடும். இப்பவே மாவைக் குறைச்சு வைக்கோலைக் கூட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்.

"கேட்டியா அக்கா? நோவு வர்றதுக்கு முன்னாலேயே கண்டுபிடிச்சுட்டாங்க!" என்று செவலை பூரித்தது. தனக்கும் சேர்த்து வைக்கோல் வரும் என்று மயிலையும் நம்பியது.

மறுநாள் வண்டிதான் வந்தது. "ஒரு நோய்நொடி கிடையாது, பாருங்க" என்று மாட்டு வியாபாரியிடம் சொல்லிப் பண்ணைக்காரர் செவலையை ஏற்றிவிட்டார்.

"வைத்தியத்துக்குத்தானே அக்கா கூட்டிட்டுப் போறாங்க?" என்று வண்டியிலிருந்து செவலை கேட்டது.

"ஆமாடி" என்றது மயிலை. பண்ணைக்காரர் வியாபாரியிடம் சொன்னது அதன் காதிலும் விழுந்திருந்தது.

சாயங்காலமே அந்த இடத்தில் ஒரு புதுப்பசுவைக் கட்டினார்கள். அதே மாவு, அதே அளவு.

"இவ்வளவும் எனக்கா?" என்று புதுப்பசு ஆசையாக வாய் வைத்தது.

மயிலை ஏதோ சொல்ல வாயெடுத்தது. பிறகு தன் தொட்டியைப் பார்த்தது. வைக்கோல் ஒரு பிடிகூட இல்லை. பசி வயிற்றைப் பிடுங்கியது. குனிந்து அந்த மாவையே தின்றது.