பின் சீட்டுக்காரி

டீச்சர் மஞ்சள் ஜாக்கெட்டை விரித்துப் பிடிக்க, கணவர் முதுகைக் காட்டி நின்று இரண்டு கைகளையும் நுழைத்துக்கொண்டார். பதிலுக்கு அவரும் தன் கையில் மடித்து வைத்திருந்த இன்னொரு ஜாக்கெட்டை உதறி அவளுக்கு மாட்டிவிட்டார்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?" விடுதி வரவேற்பில் இருந்த பெண் உருகிப்போனாள். "ஜோடின்னா இப்படித்தாங்க இருக்கணும்!"

டீச்சர் புன்னகைத்தாள். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

விடுமுறைக்கு வந்த இடத்தில், இருவர் சேர்ந்து மிதிக்கும் நீள சைக்கிளை வாடகைக்கு எடுத்தது கணவரின் யோசனை. அவர் மோட்டார் வாகன ஆய்வாளர். முன் சீட் யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை. ஹேண்டில், பிரேக், மணி எல்லாம் அவருக்கு. அவளுக்கு மிதிக்கிற வேலை மட்டும்.

முதல் நாள் செயின் அறுந்து, ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள், "லெஃப்ட்ல திரும்புங்க, லெஃப்ட்ல!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "எல்லாம் எனக்குத் தெரியும்" என்று நேராக விட்டு வாய்க்காலில் இறக்கினார். அவளுக்கு முட்டி பெயர்ந்தது. அவருக்குச் சட்டை கூட நனையவில்லை.

அதோடு விட்டாரா? அன்று சாப்பாட்டு அறையில், விடுதியில் தங்கியிருந்த அத்தனை சைக்கிள்காரர்கள் முன்னாலும் கதை அளந்தார்.

"நான் என்ன சார் பண்றது? பின்னாடி உக்காந்து தூங்கிட்டா. அவ சாஞ்சா, வண்டியும் சாஞ்சுது. ரெண்டு நாளா நான் ஒருத்தன்தான் மிதிக்கறேன்."

மேசையே குலுங்கிச் சிரித்தது. மறுநாள் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன டீச்சரம்மா, நல்லா தூங்குனீங்களா?" என்று விசாரித்தார்கள். மிதித்து மிதித்துத் தொடை இரண்டும் கல்லாகிக் கிடந்தவளைப் பார்த்து இந்தக் கேள்வி!

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. இன்று மாலை ரயில். அதற்குள் அதே ஆட்கள் முன்னால் அவர் மானம் போக வேண்டும், அவள் பெயர் மீள வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதை நாத்தனார் வீடு வரை போய்ச் சேரும். அப்புறம் ஆயுசுக்கும் அவள் தூங்குமூஞ்சிதான்.

காலையில் அவள் குளித்து முடித்து, அவர் குளிக்கப் போன பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. கைப்பையில் சிவப்பு மார்க்கர் இல்லாத டீச்சர் உண்டா? ஆணியில் தொங்கிய அவருடைய ஜாக்கெட்டை எடுத்து, பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கையில் எழுதும் அதே அழகான கையெழுத்தில் முதுகு நிறைய எழுதினாள்.

'உழைப்பு: பூஜ்யம். வாய்: நூற்றுக்கு நூறு.'

கிளம்பிய கால் மணி நேரத்தில் பலன் தெரிந்தது. பின்னாலிருந்து வந்து முந்திப்போன, அதே விடுதியில் தங்கியிருந்த நர்ஸம்மாவும் அவள் வீட்டுக்காரரும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்து வந்த ரிட்டயர்டு பேங்க் மானேஜர் சிரிப்பில் தடுமாறி, புல்தரையில் இறங்கி ஏறினார்.

"இன்னைக்கு எல்லாரும் ரொம்ப குஷியா இருக்காங்கல்ல?" என்றார் கணவர்.

"உங்களைப் பார்த்தா யாருக்குத்தான் குஷி வராது?"

"என்ன, ரெண்டு நாளா உம்முனு இருந்தவ இன்னைக்கு இவ்வளவு நல்லா பேசற?"

"போனது போகட்டும்னு விட்டுட்டேங்க."

"நானும்தான்" என்றார் அவர்.

அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். பதினொரு பேர். எதிரில் வந்தவர்கள் பேசாமல் போனார்கள். பின்னாலிருந்து வந்தவர்களில் ஒருவர் கூடச் சிரிக்காமல் தாண்டவில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் அவள் கால் இன்னும் வேகமாக மிதித்தது. தன் மூக்குக்கு நேரே ஒரு முழ தூரத்தில் இருந்த அந்த அகன்ற முதுகைப் படித்துப் படித்து ரசித்தாள். முட்டி வலி போன இடம் தெரியவில்லை.

மேட்டு உச்சியில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். விடுதிக் கூட்டம் முழுக்க அங்கேதான் இருந்தது. கணவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. இன்னும் ஒரு நிமிஷம் அனுபவிக்கட்டும் என்று விட்டாள்.

பிறகு பெஞ்சுகளுக்கு நடுவே போய், வகுப்பறையில் நிற்பதுபோல் நின்றாள்.

"வழியெல்லாம் சிரிச்சீங்களே, எழுதியிருந்ததை எல்லாரும் படிச்சீங்கதானே?"

"படிச்சோமே!" பேங்க் மானேஜருக்கு மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அதுல ஒரு எழுத்தாவது பொய் இருக்கா?"

"எப்படிங்க இருக்கும்? அதான் எங்களுக்கே தெரியுமே!"

"அதை எழுதினது யாரு தெரியுமா?" அவள் நெஞ்சை நிமிர்த்தினாள். "நான்தான்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. சுவரோரம் கணவருக்குத் தண்ணீர் புரையேறியது. நர்ஸம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"'பழுதான வண்டி, இழுத்துச் செல்லப்படுகிறது'ன்னு உங்க முதுகுல நீங்களேவா எழுதிக்கிட்டீங்க?"