விழாத ஈ

இருபது ஈக்களைக் கொட்டினாள். பத்தொன்பதுதான் விழுந்தன.

கண்ணாடிக் குழாயின் அடியில் எண்ணெய் தடவிய தட்டு. அதில் ஒட்டிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தவற்றை மறுபடி எண்ணினாள்.

பத்தொன்பது.

ஐந்து வருடங்களாக ஆய்வகத்தில் இந்தக் குழாய்க்குள் பழ ஈக்களைக் கொட்டுகிறாள். சிறகு இருந்தும் பறக்க முடியாத ஈக்கள். பிறவியிலேயே ஒரு மரபணுவில் பிழை. அதில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தினால் பறக்கும் என்று அவள் நம்பினாள். திருத்தித் திருத்திக் கொட்டினாள். கடுகு சிந்தினாற்போல நேராகக் கீழே போய் விழுந்தன, ஒவ்வொரு முறையும்.

ஆராய்ச்சியை நாளையோடு முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் பேராசிரியர். ஈ வளர்க்கும் குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும்.

அண்ணாந்து பார்த்தாள்.

குழல்விளக்கைச் சுற்றி ஒரு புள்ளி.

"அக்கா, கதவ மூடுங்க! ஃபேன நிறுத்துங்க!"

ஈக்களுக்கு உணவு காய்ச்சும் ஜெயமேரி கரண்டியோடு ஓடிவந்தார். கதவை மூடினார். விசிறியை நிறுத்தினார். எதற்கு என்று கேட்கவில்லை.

அவள் பேராசிரியரைப் போனில் அழைத்தாள்.

"சார், ஒண்ணு பறந்துடுச்சு."



"நீ எண்ணுனதுல தப்பிருக்கும்மா. இது கேன்டீன்லேருந்து வந்த ஈயா இருக்கும். கண்ணப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அவளுடைய ஈக்களுக்கு வெள்ளைக் கண். வெளியே சுற்றும் ஈக்களுக்குச் சிவப்பு.

பார்க்க வேண்டுமானால் பிடிக்க வேண்டும். உயிரோடு. நசுங்கிப்போனால் ஐந்து வருடமும் அதோடு போயிற்று.

முக்காலியில் ஏறினாள். புள்ளி நகர்ந்தது. அலமாரி மேல். ஜன்னல் கண்ணாடி. மறுபடி விளக்கு. அவள் கையில் குப்பியோடு பின்னாலேயே போனாள். அதற்கு இவ்வளவு தூரம் போகத் தெரிகிறது என்பதே அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

ஈ ஜெயமேரியின் தோளில் உட்கார்ந்தது.

"அசையாதீங்க அக்கா."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா."

நீலச் சேலையின் மேல் குப்பியைக் கவிழ்த்தாள். காத்திருந்தாள்.

ஈ யோசித்தது. பிறகு கண்ணாடியில் கால் வைத்து மேலே ஏறியது.

பஞ்சை அடைத்தாள்.

குப்பியைப் பனிக்கட்டியில் வைத்தார்கள். குளிரில் ஈ மயங்க மூன்று நிமிடம் ஆகும். இரண்டு பேரும் குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நுண்ணோக்கியில் முதலில் மங்கல். திருகினாள்.

கால்கள்.

சிறகு.

தலை.

அவள் எழுந்துவிட்டாள். முக்காலியை ஜெயமேரி பக்கம் தள்ளினாள்.

பதினோரு வருடமாக ஈக்களுக்குச் சமைக்கும் ஜெயமேரி அன்றுதான் முதன்முதலாக நுண்ணோக்கியில் கண் வைத்தார்.

"அய்யோ, எவ்வளவு முடி! இதுக்கா நான் இத்தன நாளா காய்ச்சிப் போட்டேன்?"

பிறகு, "கண்ணு பால் மாதிரி வெள்ளையா இருக்கு. நல்லதா, கெட்டதா?"

அவள் ஜெயமேரியைக் கட்டிக்கொண்டாள். கரண்டி கீழே விழுந்து உருண்டது.

பேராசிரியரிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"வெள்ளை, சார்."

"நான் வந்துட்டிருக்கேன். யாரும் கதவத் திறக்காதீங்க." வைத்துவிட்டார். உடனே மறுபடி அழைத்தார். "எனக்கு மட்டும் திறங்க."

குளிர் தெளிந்து ஈ ஒரு காலை அசைத்தது. அதைப் புதுக் குப்பியில் துணையோடு விட வேண்டும். புது உணவு வேண்டும்.

ஜெயமேரி அடுப்பைப் பற்றவைத்தார். சோள மாவைக் கரைத்தார். வெல்லத்தைத் தராசில் வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் கூடப் போடட்டுமா?"

"அளவு மாறக் கூடாதுக்கா."

"அது தெரியும். சும்மா கேட்டேன்."

தராசுக்கு வெளியே ஒரு கட்டி மிச்சமிருந்தது. அவள் அதை எடுத்து மேசை விளிம்பில் தட்டி உடைத்தாள்.

பெரிய பாதியை ஜெயமேரியின் வாயில் வைத்தாள்.