ஏழாம் எண் குப்பி

"ஏழாம் நம்பருக்கு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு பய ஹார்மோன் எகிறுது!" பல்கலைக்கழக ஊழியர் வீட்டுப் பெண்களின் எச்சிலை ஆராய்ந்த பேராசிரியர் கொதித்தார். "ஆறு மணிக்கு எவனோ மிருகம் மாதிரி வீட்டுக்குள்ள நுழையறான். யாரும்மா அந்தப் பொண்ணு?"

குப்பிகளில் எண் மட்டுமே இருக்கும். பெயர்கள் உதவியாளரின் பதிவேட்டில் இருந்தன. அவள் புரட்டிப் பார்த்தாள். சட்டென்று பதிவேட்டை மூடினாள்.

"யாருன்னு கேட்டேன்!" மேஜையில் ஓங்கி அறைந்தார்.

"ஆய்வு முடியற வரைக்கும் யார்கிட்டயும் பேரைச் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க..."

"பாவம், யார் பெத்த பொண்ணோ!" கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை. பையை எடுத்துக்கொண்டு விருட்டென்று வெளியேறினார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டதும், அவள் ஏழாம் எண்ணுக்குரிய பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மேடம், சார் கிளம்பிட்டார். கோபமா வர்றார்."