தோளில் வளர்ந்த கொம்பு

காண்டாமிருகங்களைக் காப்பாற்ற, மனிதர் உடம்பில் கொம்பு வளர்க்கும் திட்டத்துக்கு மங்கையர்க்கரசி தன் வலது தோளைக் கொடுத்திருந்தாள். கொம்பும் நகமும் ஒரே பொருள்தான், பயமில்லை என்றிருந்தார்கள். இன்று காலை மீன் சந்தையில் திருடர்கள் அவளைக் குப்புறத் தள்ளி, அரிவாளால் அங்கே வளர்ந்திருந்த கொம்பை வேரோடு வெட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த திட்ட அதிகாரி காயத்தை அளந்து பார்த்து உச்சுக்கொட்டினார்.

"இங்க இனிமே வளராதும்மா. இடது தோள் காலியாத்தானே இருக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டியாய்யா? காட்டுல திருடனுக்குப் பயந்து நீங்களே காண்டாமிருகத்துக்குக் கொம்பு வெட்டுறப்போ மயக்க ஊசி போடுறீங்க, கண்ணைக் கட்டுறீங்க, துப்பாக்கியோட காவலும் நிக்கிறீங்க. மீன் சந்தையில எனக்கு யாருய்யா நின்னா? அடுத்த கொம்பை உன் தோள்ல வளத்துக்கோ. வெட்ட நானே வரேன். ஊசி கெடையாது."