பார்வை போன பக்கம்

“இந்த ஆளு ரோட்டையே பாக்கலீங்க. என்னையத்தான் பாத்தாரு. என் புள்ள மேல ஆணையா சொல்றேன்.”

செங்கமலம் இடுப்புக் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பெரம்பலூர் பஸ் ஷெட்டில் இருந்த எல்லோரும் டிரைவர் அய்யாக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காலில் மாவுக்கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷம் ஒரு கெட்ட பேர் இல்லாமல் ஓட்டியவன். கடைசியில் இப்படியா என்று மற்ற டிரைவர்களுக்கு அவமானமாக இருந்தது.

நடந்தது இதுதான். எறையூர் ஆலைக்குப் போன கரும்பு வண்டி அச்சு முறிந்து நடுரோட்டில் கிடந்தது. நல்லவேளை, மாடுகளை முன்பே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். வளைவில் திரும்பிய பஸ், பிரேக் போட்டும் நிற்காமல் அதில் மோதியது. பயணிகளுக்கு ஒன்றுமில்லை. டிரைவர் பக்கம் மட்டும் அப்பளமாக நொறுங்கிவிட்டது.

“நீ எங்கம்மா நின்ன?” என்று கேட்டார் பஸ் முதலாளி பழனிவேல்.

“எறங்கறதுக்கு முன்படியில நின்னேங்க. திடீர்னு தலையத் திருப்பி என்னையப் பாத்தாரு. ஒடனே டமார்னு மோதிடுச்சு.”

“பாத்தியாடா?”

“பாத்தேன் முதலாளி.”

யாரோ ‘சீ’ என்றார்கள்.

பழனிவேலும் முன்பு டிரைவராக இருந்தவர். அவரிடம் கதை அளக்க முடியாது.

“எதுக்க ஒண்ணு நின்னா, எந்த டிரைவருக்கும் கை தானா வலது பக்கம் ஒடிக்கும். அவன் பக்கம் தப்பிச்சுக்கும். நீ இடது பக்கம் ஒடிச்சு உன் காலையே ஒடைச்சுக்கிட்டிருக்க. கண்ணு போன பக்கம் கையும் போயிருக்கு. அப்படித்தானே?”

“ஆமாங்க.”

“அப்ப இனிமே வேலைக்கு வராத.”

அய்யாக்கண்ணு கம்பை ஊன்றி எழுந்தான். வேலை போனதைவிட, போன காரணத்தை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் அவன் கவலை.

பழனிவேலுக்கு மனசு ஆறவில்லை. “ஏன்டா, உசுரு போற நேரத்துலயும் பொம்பளையப் பாக்கணுமா ஒனக்கு?”

‘ஏன்’ என்று அப்போதுதான் ஒருத்தர் கேட்கிறார்.

“கை மொதல்ல வலது பக்கந்தாங்க போச்சு. ஒடிச்சா எம்பக்கம் தப்பிச்சிரும், படிக்கட்டுப் பக்கம் மோதிரும். படியில யாராச்சும் நிக்கிறாங்களான்னு திரும்பிப் பாத்தேங்க. இந்தம்மா புள்ளையோட நின்னுச்சு.”