மீசை நேராக வந்த நாள்

“இன்னொரு தடவை சொல்லிப் பாக்கட்டுமாடா?” என்றாள் அக்கா, என் சலூன் பெஞ்சில் உட்கார்ந்தபடி.

திரும்பினேன். நாற்காலியில் இருந்த அச்சகக்காரரின் இடது மீசை கொஞ்சம் குறைந்தது.

மறுநாள் அவளுக்குக் கல்லூரியில் நேர்காணல். ‘அலோஸ்டெரிக்’ என்ற சொல்லை விளக்கி மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். படிப்பில் புலி. விளக்கத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் தூங்கிவிடுவார். ஏற்கெனவே இரண்டு கல்லூரிகள் கையை விரித்துவிட்டன.

“கிரேக்கச் சொல். அல்லோஸ்னா வேற. ஸ்டீரியோஸ்னா திடமான வடிவம். நொதிங்கிறது உடம்புக்குள்ள வேலை பாக்குற ஆளு. அது வேலை செய்யுற இடத்துக்கு வராம, வேற இடத்துல ஒரு பொருள் வந்து ஒட்டிக்கும். உடனே நொதியோட வடிவம் மாறும். வேலையும் மாறும்.”

அச்சகக்காரர் கொட்டாவி விட்டார்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்தேன். வலது மீசை இடதைவிடக் குறைந்துபோனது. இடதைச் சமப்படுத்தினேன். பிறகு வலதை.

கண்ணாடியைப் பார்த்தவர் அலறினார். “தம்பி, அவங்களை வெளிய உக்காரச் சொல்லுப்பா! அவங்க அங்க உக்காந்தா, இங்க என் மீசை போகுது!”

அக்கா துள்ளி எழுந்தாள்.

“அதேதான் சார்! நான் கத்தரியத் தொடல, உங்களையும் தொடல. தள்ளி ஒரு பெஞ்சுல ஒட்டிக்கிட்டு இருக்கேன். இவன் கோணிக்கிட்டான், வேலை மாறிடுச்சு. இதான் அலோஸ்டெரிக்!”

“வேலை கெட்டுடுச்சுன்னு சொல்லுங்க.”

“சிலது ஒட்டினா வேலை கூடும் சார். சிலது ஒட்டினா குறையும்.”

“நீங்க எந்த ரகம்னு தெரிஞ்சுபோச்சு” என்றார். ஆனால் முழுசாகப் புரிந்திருந்தது. மீசையே இல்லாமல் இறங்கிப் போனார்.

மீசையை வைத்தே அக்கா மாதிரி வகுப்பை நடத்தினாள். யாரும் தூங்கவில்லை. வேலை கிடைத்தது.

மீசை மறுபடி முளைப்பதற்குள் அச்சகக்காரர் நான்கைந்து முறை கடைக்கு வந்துவிட்டார். வெட்டுவதற்கு எதுவும் இல்லை. பெஞ்சைப் பார்த்துவிட்டுப் போவார்.

போன வாரம் மாமா வந்தார். ஆமாம், அதே அச்சகக்காரர்தான். அக்கா இறந்தபின் முதல் முறை.

இத்தனை வருடமும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தால், அக்கா பெஞ்சில் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் மீசை ஒருநாளும் சமமாக வந்ததில்லை.

வெட்டி முடித்தேன். இரண்டு பக்கமும் அச்சடித்ததுபோல ஒரே அளவு.

கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

“என்ன மச்சான், நேரா வந்துடுச்சு?” என்றார், குறை சொல்வதுபோல.